இருபது ரவுண்டும் காத்தாயி அக்காவும்

இல்லை, உறவு ஒன்றும் இல்லை. அத்தை மகளும் இல்லை, சித்தி மகளும் இல்லை. தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்தில், வரிசையாகக் கட்டிய அறைகளில், எங்கள் வீட்டிலிருந்து மூன்று காம்பரா தள்ளி இருந்தார் காத்தாயி அக்கா, அவ்வளவுதான். அச்சுக்காரரே, நீங்கள் கேட்கிற இதே கேள்வியைத்தான் கெலிஓயாவில் துணிக்கடைக்காரரும் கேட்டார். அன்று காலை கண்டியிலிருந்து வந்த பஸ்ஸை நிறுத்தி, நான் கூரையில் ஏறி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தேன். அவர் கடை வாசலில் நின்று மேலே பார்த்தார்.

"தம்பி, ஒங்கட தோட்டத்துப் புள்ளக்காம்பரா அம்மா நேத்து மௌத்தாகிட்டாவாம். ஆள் வந்து வெள்ளத் துணி வாங்கிட்டு இப்பத்தான் போறான். நாலு நாள் காய்ச்சலாம்."

நான் இறங்கி பஸ் படியில் உட்கார்ந்துவிட்டேன். "ஒங்களுக்கு என்ன முறை?" என்று கேட்டார்.  டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். காசுப் பையை அவர் கையில் கொடுத்துவிட்டு மலைப்பாதையில் நடந்தேன். அன்று அந்த பஸ் கிளீனர் இல்லாமல்தான் கம்பளைக்குப் போனது.

பதினாறாம் நாளுக்கு ஒரு தாள் அச்சடிக்க வேண்டும், கண்டியில் படித்தவன் நீதான் எழுத வேண்டும் என்று லயத்தார் சொன்னார்கள். நான் எட்டாம் வகுப்பில் பாதியில் எழுந்து வந்தவன். உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போகிறது என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டே வந்தேன். ஆனாலும் தோட்டத்தில் அது பெரிய படிப்பு. "அன்பே உருவானவர்" என்று ஆரம்பி என்றார்கள். ஆரம்பிக்க மாட்டேன். நீங்கள் எல்லோரும் அவரைத் தெரிந்தவர்கள். காத்தாயி அக்காவுக்கு வாய் பொல்லாது. அந்த வாயில் நான் பட்டதுபோல் யாரும் பட்டதில்லை. அவர் எங்கள் தோட்டத்தில் ஒரு சண்டை போட்டார், அதில் ஜெயித்தார். அதைத்தான் எழுதப்போகிறேன்.

வெளியூரார் கையிலும் இந்தத் தாள் போகும் என்பதால் இதைச் சொல்கிறேன். விடிந்ததும் பெண்கள் கூடையோடு மலைக்குப் போய்விடுவார்கள். கைப்பிள்ளைகள் எல்லாம் பிள்ளைக்காம்பராவில் தொட்டிலில் கிடக்கும். அந்தக் காம்பராவுக்கு ஆயம்மா காத்தாயி அக்கா. அவருடைய சொந்தப் பிள்ளைகள் நாலு பேரும் அங்கேயேதான் வளர்ந்தார்கள். பத்து மணிக்கு ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை, பால் கொடுக்கிற தாய்மார் மட்டும் மலையை விட்டு இறங்கி வரலாம். அதற்குப் பால் நேரம் என்று பெயர். சோறு தின்கிற பிள்ளைகளுக்கு மத்தியானம் காம்பராவிலேயே சோறு. பிள்ளையின் பெயர் சோத்துப் பட்டியலில் ஏறிவிட்டால் தாய்க்கு அந்தப் பால் நேரம் இல்லை. விடியலில் ஏறினால் கொழுந்து நிறுக்கும்போதுதான் இறங்க வேண்டும். பிள்ளை எப்போது சோறு தின்னத் தயார் என்று யார் சொல்வது, இதுதான் சண்டை.

பட்டியலை எழுதியவர் பெண்கள் கூட்டத்தை மேய்த்த கங்காணி. அவர் கெட்டவர் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு வேண்டும் அவருக்கு. மாதத்தையும் தேதியையும் யார் நினைவு வைத்தார்கள்? தோட்டத்தில் எல்லாம் ரவுண்டுதான். ஒரு மலையில் கொழுந்து எடுத்து, மற்ற மலைகளையும் சுற்றி, மறுபடி அந்த மலைக்கே வந்தால் ஒரு ரவுண்டு. பிள்ளை பிறந்ததிலிருந்து நாலாம் நம்பர் மலையில் இருபது ரவுண்டு முடிந்தால் சோறு. இது அவர் வைத்த சட்டம். அவருடைய அப்பாவும் அப்படித்தான் வைத்திருந்தாராம்.

அக்காவிடம் கணக்கே இல்லை. சோறு தின்கிற பிள்ளைகளை மத்தியானம் வரிசையாக உட்காரவைப்பார். நடுவில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, இன்னும் பால் குடிக்கிற ஒன்றைச் சாய்த்து உட்காரவைப்பார். அதற்கு ஒன்றும் ஊட்டமாட்டார். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பார். தலை நிற்கிறதா, பக்கத்துப் பிள்ளையின் கை தட்டிலிருந்து வாய்க்குப் போனால் இதன் கண்ணும் கூடவே போகிறதா, அவ்வளவுதான். சில பிள்ளைகளை ஒரு வாரம் அப்படி உட்காரவைத்ததுண்டு. நான் ஒரு நாள் எட்டிப்பார்த்துவிட்டு, இது என்ன வேலை, சும்மா உட்கார்ந்திருப்பதற்கா சம்பளம் என்று கேட்டேன். "நீ பள்ளிக்கொடத்துல சும்மா ஒக்காந்திருந்தியே, அதுக்கு ஒங்கப்பன் காசு கட்டுனாரே, அத விட இது தேவல" என்றார். காம்பராவில் இருந்த பெண்கள் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

என் மகள் பொன்னம்மா பிறந்த வருஷம் நான் ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், இலை உலர்த்தும் மாடியில் வேலை செய்தேன். ஒரு நாள் காலைப் பிரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், கங்காணி சோத்துப் பட்டியல் வாசித்தார். ஐந்து பெயர். அதில் என் மகள் பெயரும் இருந்தது. எனக்கு ஏதோ பரீட்சையில் பாஸ் செய்ததுபோல் இருந்தது. நான் செய்யாததை அவள் செய்துவிட்டாள். மறுநாள் காம்பராவில் ஆரம்பிக்கப்போகிறார்கள், முதல் வாய் அப்பன் கையால் இருக்கட்டும் என்று அன்று பின்னேரமே சோற்றைக் குழைத்து எடுத்து உட்கார்ந்துவிட்டேன். என் பெண்சாதி ராக்காயி வேண்டாம் என்றாள். அக்காவைக் கேட்போம் என்றாள். எழுத்து வாசனை இல்லாத அக்காவை நான் ஏன் கேட்க வேண்டும் என்றேன்.

முதல் உருண்டையை வைத்தேன். நாக்கு அதை வெளியே தள்ளியது. வழித்து மறுபடி வைத்தேன். மறுபடி தள்ளியது. பிள்ளைக்குத் தெரியவில்லை என்று நினைத்து, மூன்றாம் தடவை விரலாலேயே உள்ளே தள்ளிவிட்டேன். சத்தம் நின்றுவிட்டது. முகம் ஊதாவாகிவிட்டது. ராக்காயி பிடுங்கிக் குப்புறக் கையில் போட்டு முதுகில் தட்டினாள், ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது தட்டுக்குச் சோறு வெளியே விழுந்தது, பிள்ளை அழுதது. அந்த அழுகையைப்போல ஒரு நல்ல சத்தத்தை நான் இதுவரை கேட்டதில்லை. 

மறுநாள் காலை அக்கா என்னைக் காம்பரா வாசலிலேயே நிறுத்திவைத்தார்.

"துப்புனுச்சா?"

"துப்புச்சு."

"எத்தன தடவ?"

"ரெண்டு தடவ."

"ரெண்டு தடவ வேணாம்னு சொல்லிருக்கு. கண்டியில படிச்சவருக்கு வெளங்கல."

எனக்குத் தலை நிமிரவில்லை. அவர் குரலைக் குறைத்து ஒன்று சொன்னார். அதை நீங்களும் பலமுறை கேட்டிருப்பீர்கள். "நாக்கு இருக்கே, அது வாசக்காவக்காரன் தம்பி. பாலத் தவிர எது வந்தாலும் வெளிய தள்ளுறது அவன் வேல. அவனா வேலைய விட்டு நகந்து நிப்பான். அதுவரைக்கும் நாம வாசல்ல நிக்கணும். கதவ ஒடைக்கக் கூடாது."

அன்று மத்தியானமே சண்டை ஆரம்பமானது. பட்டியலில் உள்ள ஐந்து பிள்ளைகளுக்கும் சோறு போடவில்லை என்று கேள்விப்பட்டுக் கங்காணி இறங்கி வந்தார். நானும் அங்கேதான் நின்றேன், பிள்ளையைப் பார்க்க வந்தவன். இருபது ரவுண்டு முடிந்துவிட்டது, நாளையிலிருந்து இந்த ஐந்து பேரின் தாய்மார் மலையை விட்டு இறங்கக்கூடாது என்றார் கங்காணி. எந்த மலை ரவுண்டு என்று கேட்டார் அக்கா. நாலாம் நம்பர் என்றார். அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நின்றார்.

"போன வருசம் வெயில்ல நாலாம் நம்பருக்குப் பன்னெண்டு நாளைக்கு ஒருக்காத்தான் போனாளுக. இந்த வருசம் மழை புடிச்சிருச்சு, கொழுந்து பொங்குது, ஆறு நாளைக்கு ஒருக்கா எடுக்குறீங்க. கொழுந்துக்கு மழை பேஞ்சிச்சு கங்காணி. புள்ளைக்கு என்ன பேஞ்சிச்சு?"

 நான் சுவரோரம் கிடந்த கரித்துண்டை எடுத்தேன். பொன்னம்மா பிறந்த தேதி எனக்குத் தெரியும், ஸ்டோர் காலண்டரில் கோடு போட்டு வைத்திருந்தேன். எண்ணினேன். அவளுக்கு நாலு மாதமும் ஒன்பது நாளும் ஆகியிருந்தது. வெயில் வருஷமாக இருந்தால் அந்த இருபது ரவுண்டு முடிய எட்டு மாதம் போயிருக்கும். காலண்டர் ஸ்டோரில் என் தலைக்கு மேலேயே தொங்கியது, கணக்குப் படித்தவன் நான், எனக்குத் தோன்றவில்லை. எழுத்துத் தெரியாதவருக்குத் தோன்றியது. மழை பெய்தால் எங்கள் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் வயதாகிக்கொண்டிருந்தது, பல வருஷமாக.

கங்காணிக்கும் அது விளங்கியது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் கொழுந்து நிறுக்க இறங்கி வந்து நின்ற இருபது பெண்கள் முன்னால் விளங்கிவிட்டது என்று சொல்ல முடியுமா? எனக்கே கணக்குச் சொல்லித் தருகிறாயா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அக்கா அந்த ஐந்து பேருக்கும் சோறு போடவில்லை. தாய்மார் வழக்கம்போல பத்து மணிக்கு இறங்கி வந்தார்கள். இறங்கி வந்தவர்களுக்குக் கங்காணி அரைப் பேர்தான் போட்டார். முழுநாள் வேலைக்குப் பாதிநாள் வேலை என்று எழுதிவிட்டார்.

மூன்று வாரம் இப்படிப் போனது. சும்மா சொல்லக்கூடாது, தாய்மாரிலேயே இரண்டு பேர் தளர்ந்துவிட்டார்கள். "எங்களுக்கும் வயிறு இருக்குக்கா, போட்டுருங்க சோத்த" என்று ஒருத்தி அழுதாள். அக்கா அவளைத் திட்டவில்லை. அந்த ஒரு தடவைதான் அவர் யாரையும் திட்டாமல் இருந்து நான் பார்த்தது. நேராக எங்கள் காம்பராவுக்கு வந்தார்.

"எழுதத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப எழுது, தொரைக்கு."

என் எட்டாம் வகுப்பு இங்கிலீஷில் எழுதினேன். மழையில் இலை சீக்கிரம் வருகிறது, பிள்ளை சீக்கிரம் வரவில்லை என்பதுதான் அதன் சாரம். அக்கா பெருவிரலை அழுத்தினார். தோட்டத்து மேலாளரான துரை அதைப் படித்துவிட்டு, இந்த இங்கிலீஷை எழுதியவன் யார் என்று சிரித்தாராம். சிரித்தாலும் வந்தார்.

ஒரு மத்தியானம். காம்பராவுக்கு முன்னால் ஒரு பெட்டியைப் போட்டுத் துரை உட்கார்ந்தார். பக்கத்தில் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் கால்சட்டையில் மண் படாமல் நின்றார். கங்காணி பட்டியலை நீட்டினார். இந்தப் பெண்ணுக்கு எண்ணத் தெரியாது, தாய்மாரை வேலையிலிருந்து இழுக்கத்தான் இப்படிச் செய்கிறாள் என்றார். துரை அக்காவைப் பார்த்தார்.

"எனக்கு எண்ணத் தெரியாது தொரை. பாக்கத் தெரியும்."

அப்புறம் அக்கா யாரும் நினைக்காத ஒன்றைச் சொன்னார். அந்த ஐந்து பிள்ளைகளையும் கொண்டுவரச் சொன்னார். எது சாப்பிடும், எது துப்பும் என்று முதலிலேயே சொல்லிவிடுவதாகவும், தாய்மாரே ஊட்டட்டும், தான் கிட்டவே போகமாட்டேன் என்றும் சொன்னார். தப்பினால் என்ன என்று துரை கேட்டார்.

"ஒண்ணு தப்புனாலும் காம்பரா சாவிய கங்காணிகிட்ட குடுத்துட்டு நான் கூடையத் தூக்குறேன். பால் நேரமும் அவரு சொல்றபடி நடக்கட்டும்."

தாய்மார் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அது அவர்களுடைய பால் நேரம். அதை அக்கா எடுத்துப் பந்தயத்தில் வைத்துவிட்டார். துரை தலையாட்டினார். எல்லாம் சரியாக வந்தால் பட்டியல் வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

ஐந்து பேரும் சாக்கில் சாய்ந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அக்கா ஒவ்வொரு பிள்ளைக்கு முன்னாலும் ஒரு மூச்சு நேரம் நின்றார். "இது துப்பும். இதுவும் துப்பும். இது சாப்பிடும்." நாலாவது கங்காணியின் மகள் வயிற்றுப் பேரன், கொழுத்த பையன். "துப்பும்" என்றார்.

"எம் பேரன் வெறகுக்கட்டையவே கடிப்பான்" என்றார் கங்காணி.

"கடிப்பான். முழுங்க மாட்டான்."

ஐந்தாவது பொன்னம்மா. அக்கா அவள் முன்னால் நிற்கக்கூட இல்லை. "இது சாப்பிடும்" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டார்.

 அந்த ஊதா முகம் கண்ணில் வந்து நின்றது. அன்றைக்குப் பிறகு அவள் வாயில் நாங்கள் ஒரு பருக்கை வைக்கவில்லை. துரை இருக்கிறார் என்பதையும் மறந்து, அக்கா, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"நீ வாய மூடு தம்பி. அவ வாயத் தொறக்கட்டும்."

முதல் இரண்டும் துப்பின. சொன்னபடி. டிஸ்பென்சர் ஐயா குனிந்து பார்த்து, "ஓம் துரை, பிள்ளை விழுங்கேல்லை, துப்பிப்போட்டுது" என்று ஒவ்வொன்றுக்கும் சாட்சி சொன்னார். மூன்றாவது பிள்ளை தாயின் விரலையும் சேர்த்துச் சப்பியது, விழுங்கியது, இன்னொரு வாய் கேட்டு எம்பியது. பெண்கள் பக்கம் ஒரு அசைவு. நாலாவதற்கு வந்தபோது கங்காணி தன் மகளிடமிருந்து தட்டை வாங்கிக்கொண்டார். நானே ஊட்டுகிறேன் என்றார். குந்தி உட்கார்ந்து, பேரனைக் கொஞ்சி, ஒரு பெரிய வாயாக வைத்தார். பையன் தாத்தாவைப் பார்த்துச் சிரித்தான். சிரித்த வாயிலிருந்து நாக்கு வந்தது, சோறு முழுவதும் வந்தது. பாதி கங்காணியின் கோட்டில், மீதி துரை காலில் போட்டிருந்த சப்பாத்தில். டிஸ்பென்சர் ஐயா இந்தத் தடவை சாட்சி சொல்லவில்லை. தன் கால்சட்டையை இழுத்துக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனார்.

யாரும் சிரிக்கத் துணியவில்லை. இன்னும் ஒன்று இருந்தது.

ராக்காயி தட்டோடு குந்தினாள். ஒரு பயறு அளவுதான் எடுத்தாள். பொன்னம்மாவின் உதட்டில் வைத்தாள். சோறு உதட்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. பிள்ளை அசையவில்லை. துரை, கங்காணி, ஐயா, இருபது பெண்கள், நான், எல்லோரும் அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நாக்கு வெளியே வந்தது. போச்சு என்று நினைத்தேன். வந்த நாக்கு சோற்றைத் தடவியது, எடுத்துக்கொண்டு உள்ளே போனது. தொண்டை ஏறி இறங்கியது. பிறகு என் மகள் இரண்டு கையாலும் அவள் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துத் தட்டை நோக்கி இழுத்தாள்.

பெண்கள் குலவையிட்டார்கள். நான் கோவில் திருவிழாவில் குலவை கேட்டிருக்கிறேன், கல்யாணத்தில் கேட்டிருக்கிறேன். பிள்ளைக்காம்பராவில் துரை முன்னால் கேட்டது அன்றுதான். மலையில் இருந்தவர்களுக்குக் கேட்டு, அங்கிருந்தும் ஒரு குலவை பதிலுக்கு வந்தது. துரை சிரித்துக்கொண்டே சப்பாத்தைத் துடைத்தார். பட்டியலை மடித்து அக்காவின் கையில் கொடுத்தார். எந்தப் பிள்ளை சாப்பிடும் என்று இனி அக்கா சொன்னால் போதும், அதுவரை தாய்மார் இறங்கி வரலாம், முழுப் பேர் போட வேண்டும் என்றார். மூன்று வாரத்து அரைப் பேரையும் திருத்தச் சொன்னார். அக்கா கும்பிட்டார். பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாசிக்கத் தெரியாதே. நேராக உள்ளே போய் அடுப்பில் வைத்துவிட்டார்.

பின்னேரம் நான் கேட்டேன், எப்படித் தெரிந்தது என்று. அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். "காலையில நான் வெத்தல போட்டுக்கிட்டிருந்தேன். என் வாயப் பாத்து ஒம் மக வாய மெண்டா. அப்புறம் கைய நீட்டி என் பையப் புடிச்சு இழுத்தா. நேத்து வரைக்கும் செய்யல."

"அப்ப தொரை நேத்து வந்திருந்தா?"

"துப்பும்னு சொல்லிருப்பேன். துப்பிருக்கும்."

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் கழித்துக் கங்காணியே பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். மகளை அனுப்பவில்லை, அவரே வந்தார். அதற்காக அவரை மதிக்கிறேன். "காத்தாயி, இப்பப் பாரு" என்றார். அக்கா அவரைப் பிள்ளைகள் வரிசைக்குப் பக்கத்தில் தரையில் உட்காரவைத்தார். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தார் கங்காணி, கோட்டோடு. கடைசியில் அக்கா, "இன்னும் நாலு நாள்" என்றார். அவர் பேரனைத் தூக்கிக்கொண்டு போய், நாலாம் நாள் மறுபடி வந்தார். பையன் சாப்பிட்டான். கங்காணி அன்று காம்பராப் பிள்ளைகள் எல்லோருக்கும் சீனி வாங்கிக் கொடுத்தார்.

அக்கா தப்பவே இல்லை என்று எழுதினால் அவரே எழுந்துவந்து திட்டுவார். ஒரு தடவை தப்பினார். ஆறாம் லயத்துப் பிள்ளை ஒன்றை இன்னும் ஒரு வாரம் என்று சொல்லி உட்காரவைத்தார். அவர் அடுப்பைப் பார்க்கத் திரும்பிய நேரத்தில் அது பக்கத்துத் தட்டில் கை விட்டு அள்ளித் தின்றுகொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம். தோற்றதுபோல் ஒன்றும் தெரியவில்லை. "சரி, என்ன விட அதுக்குத்தான தெரியும்" என்று சொல்லிவிட்டு அதற்கு ஒரு தனித் தட்டு வைத்தார்.

தோட்டத்தில் எனக்குக் கால் நிற்கவில்லை. பஸ்ஸுக்கு வந்துவிட்டேன், கெலிஓயாவில் ஒரு காம்பரா எடுத்துக் குடும்பத்தையும் கூட்டி வந்தேன். அக்கா அதற்கும் ஒன்று சொன்னார், "ஒக்காரத் தெரியாதவனுக்கு ஓடுற வண்டிதான் லாயக்கு" என்று. பொன்னம்மாவை மட்டும் மாதம் ஒரு தடவை கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார். காட்டினோம். இப்போது அவளுக்கு மூன்று வயது. மிளகாய்ச் சம்பலை வெறுமனே தின்கிறாள்.

செய்தி கேட்டு அன்று நான் மேலே போய்ச் சேர்ந்தபோது, எப்போது எடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பின்னேரம் வேலை முடிந்த பிறகு என்று யாரோ சொன்னார்கள். கங்காணி, நரைத்துப்போன மனிதர், வேண்டாம் என்றார். "பத்து மணிக்கு எடுப்பம். அது அவ நேரம்." பத்து மணிக்குத்தான் எடுத்தோம். பால் கொடுக்கிற தாய்மார் கூடையை மலையிலேயே வைத்துவிட்டு இறங்கி வந்தார்கள். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பாதையின் இரண்டு பக்கமும் நின்றார்கள். சில பிள்ளைகள் பால் குடித்துக்கொண்டிருந்தன. யாரும் அவற்றை அவசரப்படுத்தவில்லை. இதைவிடப் பெரிய மரியாதையை எந்தத் துரைக்கும் எங்கள் தோட்டம் செய்ததில்லை.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று லயத்தில் சிலர் கேட்டீர்கள். வெற்றிலைப் பையை அவர் மகள் வைத்திருக்கிறாள், சாவி புது ஆயம்மாவிடம் போய்விட்டது. என்னிடம் இருப்பது ஒன்றுதான். உட்கார்ந்து பார்க்க ஓரளவு கற்றுக்கொண்டுவிட்டேன். எட்டு வருஷப் பள்ளிக்கூடம் செய்யாததை அந்த மூன்று வாரம் செய்தது.

எங்களுக்கு இப்போது இரண்டாவது பிள்ளை, பையன். போன மாதம் முழுக்கப் பக்கத்து வீட்டார் கேட்டபடி இருந்தார்கள், இன்னுமா சோறு கொடுக்கவில்லை என்று. ராக்காயி என் முகத்தைப் பார்த்தாள். கொண்டுபோய்க் காட்ட இனி அக்கா இல்லை. நான் சாக்கை மடித்துப் போட்டு அவனைச் சாய்த்து உட்காரவைத்து, அவன் முன்னாலேயே தினமும் என் சோற்றைத் தின்றேன். எட்டு நாள். தலை நின்றது. கண் என் கையோடு வந்தது. நேற்று ராக்காயி உதட்டில் ஒரு பருக்கை வைத்துப் பார்த்தாள். காவல்காரன் வாசலில்தான் நின்றான். சரி என்று எடுத்துவிட்டோம்.

இன்று காலை நான் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டேன். அவன் என்னைப் பார்த்து வெறும் வாயை மென்றான். பிறகு எம்பி, என் தட்டின் விளிம்பைப் பிடித்து இழுத்தான். நேற்று வரைக்கும் செய்யவில்லை.

ராக்காயி கேட்டாள். சாப்பிடுவான் என்றேன். போகிறபோக்கில், சுவரோரம் நின்று சொன்னேன், அக்கா சொன்னதுபோலவே.

உள்ளே சோறு குழைந்துவிட்டதாம், கூப்பிடுகிறாள். அச்சுக்காரரே, மீதி இடத்தை நீங்களே எப்படியாவது நிரப்பிக்கொள்ளுங்கள். நான் இப்போது போக வேண்டும்.